நெருப்புத் தொடாத பஞ்சு

"குப்பையைக் களவெடுத்தவனை நான் இண்டைக்குத்தான் கேள்விப்படுறன், மேடம். ஆளைப் பிடிச்சா பொலிஸுக்குக் குடுக்கப்படாது. நகரசபையில வேலைக்குச் சேர்த்து விடணும்."

றம்ஸான் இதைச் சொன்னது கேற்றுக்கு வெளியே நின்றுகொண்டு. அவன் தொழிற்சாலைப் பரிசோதகர் ஜெயரூபியின் சாரதி. சம்பளம் சாரதி வேலைக்குத்தான். ஆனால் ஜெயரூபி மூக்கை நுழைக்கிற இடமெல்லாம் அவனும் தலையை நுழைத்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு திரிவான். அன்றைக்கு மட்டும் ஜீப்பை விட்டு இறங்கியவன், கேற்றைத் தாண்ட மாட்டேன் என்று நின்றுவிட்டான்.

"உள்ள வாங்க றம்ஸான்."

"மன்னிச்சுக்கொள்ளுங்க மேடம். வீட்டில பச்சப்புள்ள இரிக்கி. இந்தத் தூசியச் சட்டையில கொண்டுபோய் அவளுக்குக் குடுக்க எனக்கு ஏலா."

அவனுக்குப் பயம். பயம் வந்தால் அவனுக்கு வாய் ஓயாது. அன்று காலையிலிருந்து அது ஓயவேயில்லை.

உட்துறைமுக வீதியோரம் கடலைப் பார்த்தபடி நின்ற அந்தக் கட்டடம் வெள்ளைக்காரன் காலத்து நீராவிக் கூடம். கடற்படைக்காரரின் உடுப்புகளை அங்கேதான் அவித்துத் தோய்த்தார்களாம். இப்போது ஒரு கம்பனி அதை உடைத்து ஹோட்டல் கட்டப்போகிறது. உடைக்கத் தொடங்கியபோதுதான் உள்ளே ஓடிய பெரிய குழாய்களைச் சுற்றி, சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் பஞ்சு மாதிரி ஒன்று பொதிந்திருப்பது தெரியவந்தது. அஸ்பெஸ்டஸ். கூரைச் சீற்றில் சீமெந்தோடு இறுகிக் கிடக்கிற வகைகூட அல்ல. கை பட்டாலே நூல் நூலாகப் பிரிந்து காற்றில் எழும்புகிற மகா கெட்ட வகை. அந்த நூல் கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. போன விஷயமே இருபது முப்பது வருடம் கழித்துத்தான் ஆளுக்குத் தெரியவரும்.

சட்டம் இதற்குக் கேட்பது பெரிய வித்தையல்ல. உடைக்கிறவன் உள்ளே என்ன இருக்கிறதென்று முதலில் பார்க்கவேண்டும். வேலையாட்களிடம் மறைக்கக்கூடாது. பயிற்சி உள்ளவர்கள் முகமூடி போட்டு, சவர்க்காரத் தண்ணீர் அடித்து நனைத்து, பிய்த்தெடுத்து, தடித்த பொலித்தீன் பைக்குள் இன்னொரு பை போட்டுக் கட்டவேண்டும். அபாயம் என்று ஒட்டவேண்டும். அனுமதித்த இடத்தில் புதைக்கும் வரை பூட்டி வைக்கவேண்டும். இதற்கெல்லாம் பணம் போகும். செய்யாமல் விட்டால் அந்தச் செலவு வேறு யாருடைய நெஞ்சுக்காவது போகும் என்று ஜெயரூபி சொல்லுவார்.

போன மாதம் அவர் பக்கத்தில் நின்று கட்ட வைத்த பைகள் பின்பக்கத்துக் கொட்டிலில் பூட்டிக் கிடந்தன. இன்று அவற்றைப் புதைக்க எடுத்துப்போகிற நாள். வந்து பார்த்தால் பைகளைக் காணோம்.

"நேத்து ராவுதான் மிஸ். மழைக்க ஆரோ பூட்டை உடைச்சுப்போட்டாங்கள்," என்றான் கம்பனி மேற்பார்வையாளன் இராகுலன். கையில் உடைந்த பூட்டை வைத்துக்கொண்டு, அதையே சாட்சிக்குக் கூப்பிட்டு வந்தவன் மாதிரி நீட்டினான்.

ஜெயரூபி முகமூடியை இறுக்கிக்கொண்டு கொட்டிலுக்குள் குனிந்தார். இடது பக்கம் கூரைச் சீற் உடைசல் கட்டிய பைகள் அடுக்கியபடியே இருந்தன. வலது பக்கம் குழாய்ப் பஞ்சுப் பைகள் கிடந்த இடம் வெறும் நிலம். வெறும் நிலமும் அல்ல. அங்கே ஒரு பழஞ்சாக்கில் பூனை ஒன்று குட்டி போட்டுப் படுத்திருந்தது. ஆளைக் கண்டதும் சீறியது. குட்டிகள் தலையைத் தூக்கி, உருண்டைக் கண்ணால் ஜெயரூபியைப் பார்த்தன.

அதே நேரம் கேற்றடியில் றம்ஸான் அலறினான்.

"மேடம்! காலெல்லாம் தூசி! வெள்ளைத் தூசி! நான் போயிட்டன், மேடம்!"

கேற்றுக்கு மேலிருந்த சீமெந்துத் தட்டு மழைக்கு மறைப்பாக இருந்ததால், அதன் கீழே நிலம் உலர்ந்திருந்தது. அங்கே வெள்ளையாக ஏதோ சிந்திக் கிடக்க, அதன் நடுவில் ஒற்றைக்காலில் நின்றான் அவன். முகம் வெளிறிவிட்டது. ஜெயரூபி வந்து, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அதில் கொஞ்சம் ஊற்றி, கையுறை விரலால் தேய்த்தார். பிசுபிசுவென்று பசை திரண்டது.

"கோதுமை மா," என்றார்.

றம்ஸான் மற்றக் காலையும் மெல்லக் கீழே வைத்தான். "அல்ஹம்துலில்லாஹ். ஒரு முட்டையும் இருந்தா ரொட்டி சுட்டிருக்கலாம்."

ஜெயரூபி இராகுலனிடம் திரும்பினார். "தம்பி, பூனைக்குட்டிக்குக் கண் திறக்க ஒரு கிழமைக்கு மேல எடுக்கும். நேத்து ராத்திரி வரைக்கும் பை கிடந்த இடத்தில அந்தப் பூனை எப்பிடிக் குட்டி போட்டது?"

இராகுலன் உடைந்த பூட்டைக் கையில் திருப்பிப் பார்த்தான்.

"பூனை பொய்யா சொல்லப்போகுது?" என்றான் றம்ஸான்.

"இண்டைக்கு நான் வாறன் எண்டபடியால்தான் இண்டைக்குப் பூட்டு உடைஞ்சிருக்கு. பை போய்க் கன நாள். ஆரிட்டக் குடுத்தனீர்?"

"எனக்குத் தெரியாது மிஸ். முதலாளியிட்டக் கேளுங்கோ." முதலாளியின் தொலைபேசி வேலை செய்யவில்லை. அதற்கு மேல் இராகுலன் வாயைத் திறப்பதாக இல்லை. அவன் கண் மட்டும் ஒரு தரம் றம்ஸான் பக்கம் போய், உடனே நிலத்துக்கு வந்தது. றம்ஸான் அதைக் கண்டான். என்னத்துக்கு இவன் என்னைப் பார்க்கிறான் என்று நினைத்தான், அவ்வளவுதான்.

"உங்கட கதை பிறகு. முதல்ல சாமான்," என்று ஜெயரூபி ஜீப்பில் ஏறினார். குரல் தணிந்திருந்தது. அவர் கத்துகிற நாளில் றம்ஸானுக்குப் பயமில்லை. குரலைத் தணிக்கிற நாளில்தான் பயம்.

ஜீப் நகர்ந்ததும் மழை மறுபடி பிடித்தது.

"கள்ளன் எடுத்ததப் பாக்காதேங்க றம்ஸான். எடுக்காம விட்டதப் பாருங்க. சீற் உடைசல் அப்பிடியே கிடக்கு. ரெண்டும் ஒரே பை, ஒரே ஒட்டுத்தாள், ஒரே பூட்டு. அப்ப அவனுக்குப் பை தேவையில்ல. பஞ்சுதான் தேவை."

"மெத்தை தைக்கவா?"

"சவர்க்காரத் தண்ணியில ஊறி மணக்கிற பஞ்சில ஆர் படுப்பினம்? அந்தப் பஞ்சுக்கு இருக்கிறது ஒரேயொரு நல்ல குணம். சூட்டை வெளிய விடாது. அதுக்குத்தான் வெள்ளைக்காரன் குழாயில சுத்தினவன். இப்ப சொல்லுங்க, சூட்டோடயும் கோதுமை மாவோடயும் மல்லுக்கட்டுறது ஆர்?"

"கொத்துரொட்டிக் கடைக்காரன்."

"றம்ஸான்."

"சரி, சரி. பாண் சுடுற போறணைக்காரன்."

"ஓம். மா மூட்டை ஏத்துற வானிலதான் அதுவும் போயிருக்கு. போறணைக்கு மேல மூடினா விறகு மிச்சம். அவனைக் கள்ளன் எண்டும் சொல்ல ஏலாது. விஷம் எண்டு தெரிஞ்சா ஆர் தன்ர வீட்டுக்குக் கொண்டு போவினம்? நெருப்புத் தாங்கும் எண்ட பாதிக் கதை மட்டும் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒட்டுத்தாளில சிங்களமும் இங்கிலீசும்தான். தமிழிலயும் ஒட்டுங்கோ எண்டு நான் சொல்லிச் சொல்லி வாய் நொந்திட்டுது."

றம்ஸானுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஊர்ப் பேக்கரிகளைப் பற்றி அவனுக்குத் தெரியாததா? "பெரிய பேக்கரியெல்லாம் இப்ப கேஸும் கரண்டும் மேடம். விறகு எரிக்கிற போறணை டவுனில கொஞ்சம்தான். கடல்முக வீதியில ஒண்டு. அனுராதபுரச் சந்தியில ஒண்டு. பிறகு ஜமாலியாவில எங்கட மாமாட. ஆனா மாமா வேற ரகம். முன்னயெல்லாம் பத்து மணிக்கே போறணை ஆறிரும். இப்ப விடிய எரிச்ச சூடு அஸர் தொழுகைக்குப் பிறகும் நிக்கிது. பின்னேரமும் சூட்டுப் பாண். புள்ள பொறந்த பறக்கத்து எண்டு மாமி ஊரெல்லாம்..."

சொல்லிக்கொண்டு போனவனுக்கு வாய் பாதியில் நின்றது. ஜெயரூபி அவனைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தண்ணீர் தள்ளுகிற தடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாலையூற்றுக்கு விடுங்க. விறகு விக்கிற காலைக்கு," என்றார். "ஊகத்தில ஒரு வீட்டுக்குள்ள போகப்படாது."

அதன் பிறகு றம்ஸான் பேசிய பேச்சுக்கு அளவில்லை. மாமாவின் போறணை பழைய செங்கல், அதனால்தான் சூடு நிற்கிறது என்றான். மழைக்காலத்தில் எல்லாப் போறணையும் அப்படித்தான் என்றான். இந்த வருடம் விறகு நன்றாகக் காய்ந்திருக்கிறது என்றான்.

விறகுக் கடைத் தகரத்தின் கீழே சின்னராசா குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். தம்பலகாமத்துப் பக்கமிருந்து டிரக்டரில் விறகு கொண்டுவந்து டவுனுக்கெல்லாம் கொடுக்கிற மனிதர்.

"அண்ணை, ஒரு கேள்வி. இந்தக் கிழமையில விறகு குறைச்சு எடுக்கிற போறணைக்காரர் ஆரும் இருக்கினமா?"

சின்னராசா துப்பிவிட்டு வந்து சிரித்தார். "இதுக்கு இவ்வளவு தூரம் வரவேணுமே பிள்ளை? பக்கத்தில நிக்கிற மருமகனைக் கேட்டிருக்கலாமே. ஸெய்னுதீன் நாநாதான். முந்தி எடுத்ததில பாதிதான் இப்ப. போறணைக்கு மேல ஏதோ புதுசாப் போட்டிருக்கிறாராம். எல்லாரும் அப்பிடிப் போட்டா நான் யாவாரத்த விட்டிட்டு யானை மேய்க்கத்தான் போகவேணும்."

வழக்கமாக றம்ஸான் அந்த யானைக்கு ஒரு பதில் வைத்திருப்பான். இப்போது அவன் காதில் யானை விழவில்லை. போறணைக்கு மேல் என்று அவர் சொன்ன இடத்திலேயே அவன் நின்றுவிட்டான். போறணைக்குப் பின்சுவர்தான் அவன் மனைவி பஹ்மியாவும் குழந்தையும் படுத்திருக்கிற அறைக்கு முன்சுவர்.

"மேடம்," என்றான். ஜீப்பை நோக்கி ஓடினான்.

"ஓடாதேங்க. ஏறுங்க. போகேக்க சொல்லுறன்."

இந்தக் கிழக்குக் கரையில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. போனவனுக்கு அங்கே ராஜ மரியாதை. றம்ஸான் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து பேக்கரிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை போறணைச் சூட்டில் நின்றால் ஊர் என்ன கதைக்கும் என்று மாமி விடமாட்டார். சூட்டுப் பாண் தட்டில் வரும், அவன் சாப்பிடுவான். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது அவனுக்குத் தெரியாமல் போனது அதனால்தான். பிள்ளை பெற்றவளை நாற்பது நாளும் குளிர் படாமல் வைத்திருக்கவேண்டும் என்று, மாரிக்கு வெதுவெதுப்பான அந்த அறையையும் மாமியே பார்த்துத் தெரிந்தெடுத்தார். பழைய வீடு. சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழ இடைவெளி. அந்த இடைவெளி றம்ஸானின் கண்ணுக்குள் இப்போது பெரிதாகிக்கொண்டே வந்தது.

"ஒண்டையும் இழுக்கப்படாது," ஜெயரூபி சொல்லிக்கொண்டே வந்தார். "கூட்டப்படாது. தட்டப்படாது. கிடக்கிறபடி கிடந்தா அது பாதி ஆபத்து. அசைச்சா முழு ஆபத்து. முதல்ல ஃபான நிப்பாட்டவேணும். தாயையும் பிள்ளையையும் மெதுவா வெளிய எடுக்கவேணும். அறைத் துணி ஒண்டும் அவையோட வரப்படாது. பிறகு கதவைச் சாத்தவேணும். மிச்சம் பயிற்சி எடுத்த ஆக்கள் வந்து செய்வினம். விளங்குதா?"

"விளங்குது."

"திருப்பிச் சொல்லுங்க."

அவன் திருப்பிச் சொன்னான். இரண்டாவதிலேயே தடுமாறினான். அவர் மறுபடி சொல்லச் சொன்னார். ஜமாலியா வரும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

கடை முன்னால் சூட்டுப் பாணுக்குச் சனம் குடையோடு நின்றது. ஜெயரூபி கொடுத்த முகமூடியோடு றம்ஸான் பக்கவாசலால் உள்ளே போனான். அறையில் பஹ்மியா கட்டிலில் சாய்ந்திருந்தாள். குழந்தை அப்ரா அவள் பக்கத்தில், கை விரலெல்லாம் மடக்கி, நித்திரை. மேசை ஃபான் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். சுவருக்கும் தகரத்துக்கும் இடையில், விரித்த மாச் சாக்குகளின் விளிம்புக்கு வெளியே, நீலச் சாம்பல் நிறத்தில் அது பிதுங்கி நின்றது. ஃபான் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அதன் நுனி நூல்கள் அசைந்தன.

அவனுக்குள் ஏதோ அறுந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டான். அதைக் கட்டிப்பிடித்து, ஒரேயடியாக இழுத்து, வீதியில் எறிந்துவிட்டு வரவேண்டும். வேறு ஒரு நினைப்பும் அவனிடம் இல்லை.

"றம்ஸான்!"

வாசலில் ஜெயரூபி. "நீங்க அதை இழுத்தா அது எங்க விழும்? கீழ பாருங்க."

கீழே அப்ரா படுத்திருந்தாள்.

அவன் கையை இறக்கினான். ஸ்டூலிலிருந்து இறங்கினான். ஃபானை நிறுத்தினான்.

"என்னங்க இது, டொக்டர் மாதிரி மூஞ்சிய மூடிக்கிட்டு?" என்றாள் பஹ்மியா.

பயத்தைக் காட்டினால் அவள் பதறுவாள், பதறினால் போர்வையை உதறுவாள். "ஓப்பரேசன் ஒண்டு இரிக்கி. உங்க உம்மாட வாயைத் தைக்கப் போறம். நீ மெதுவா எழும்பு. போர்வைய அப்பிடியே விடு. புள்ளயத் தா," என்றான். நகைச்சுவை அவனுக்கே ஓட்டைப் பானைச் சத்தமாகக் கேட்டது.

வாசலை மறித்துக்கொண்டு மாமி உம்மு குல்சும் வந்து நின்றார். "என்ன வேல மகன் இது? நாப்பது கழியாத புள்ள பெத்தவள மழைக்கயா கொண்டு போறீங்க? ஜன்னி கண்டா ஆரு பாக்குற?"

"வழிய விடுங்க மாமி."

"ஏலாது. உள்ளுக்குப் போங்க."

"வழிய விடுங்க எண்டு சொல்றன்!"

அந்த வீட்டில் மாப்பிள்ளையின் குரல் அப்படி எழும்பியது அதுதான் முதல் தரம். மாமி விலகினார். அவர் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் நிற்கவில்லை. எதிர் வீட்டு ஸல்ஹா ஜெயரூபி கேட்டபடி சுத்தமான சீலையும் துவாயும் கொண்டு ஓடி வந்தாள். குசினிக்குப் பக்கத்துக் குளியலறையில், சுடுதண்ணீரில், தாயும் மகளும் கழுவித் துடைத்து உடுப்பு மாற்றி, குடைக்குக் கீழே எதிர் வீட்டுக்குப் போனார்கள். அப்ரா ஊரே கேட்க அழுதாள். அந்த அழுகை நல்ல பலமாக இருந்ததில் றம்ஸானுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அறைக் கதவு சாத்தப்பட்டது. கீழ் இடுக்கில் நனைத்த துணி அடைத்தார்கள். பேக்கரியில் வேலை செய்தவர்கள் எல்லோரும் வெளியேறினார்கள். முன்பலகை மூடப்பட்டது. போறணைக்குள் பாண் கருகுகிற மணம் வீதி வரைக்கும் வந்தது; ஒருவரையும் உள்ளே போக ஜெயரூபி விடவில்லை. "தின்னுறத விட சுவாசிக்கிறதுதான் பெரிய ஆபத்து. பாணையும் சோதனைக்கு அனுப்புவன். அதுவரைக்கும் ஒரு இறாத்தல் பாணும் வெளிய போகப்படாது," என்று சனத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

முற்றத்துக் குழாயில் றம்ஸான் குளித்து, வேறு சாரம் உடுத்து வந்தபோது, மாமா ஸெய்னுதீன் மழைக்கு ஒதுங்காமல் கதிரையில் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, அன்று சின்னதாகத் தெரிந்தது.

"நான் களவெடுக்கல்ல," என்றார் ஜெயரூபியிடம். "வானை அனுப்பினன். இராகுலன் தம்பிதான் பூட்டைத் திறந்து ஏத்தி விட்டவர். எடுத்திட்டுப் போனாக் காணும் நாநா, காசும் வேணாம் எண்டார்."

"வேணாம்தான் எண்டிருப்பார். புதைக்கிற செலவு மிச்சம். உங்கட வீட்டில புதைச்சாச்சு," என்றார் ஜெயரூபி. "அங்க அப்பிடி ஒரு சாமான் கிடக்கு எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது, நாநா?"

ஸெய்னுதீன் மருமகனை நிமிர்ந்து பார்த்தார். குற்றம் சாட்டுகிற பார்வை அல்ல. புரியாத பார்வை.

"மகன்தானே சொன்னீங்க? புள்ளட ஏழாம் நாள் சாப்பாட்டில. நெருப்பே தொடாத பஞ்சு ஒண்டு கொட்டிலுக்க கிடக்கு மாமா, உங்கட போறணைக்கு ஒரு போர்வ தைக்கலாம் எண்டு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அது நல்ல யோசனையாத்தான் பட்டிச்சு. இராகுலன் தம்பிட்டயும் உங்கட பேரைத்தான் சொன்னன்."

றம்ஸானுக்கு அந்த நாள் நினைவு வந்தது. சொன்னான். சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்திருந்தவர்களைச் சிரிக்க வைக்கச் சொன்னான். அதன் மற்றப் பாதி, அது நெஞ்சை அரிக்கிற விஷம் என்கிற பாதி, அன்று வாய் வரைக்கும் வந்தது. பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைத்த சபையில் நோய், மரணம் என்று எதற்கு என்று விழுங்கிவிட்டான். அவ்வளவு அக்கறையோடு விழுங்கினான்.

"மேடம், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன். படம் பிடிச்சாத் தெரியும்தானே?"

"தெரியாது, றம்ஸான்."

"அப்ப எப்பத் தெரியும்?"

ஜெயரூபி பொய் சொல்லத் தெரியாத மனுஷி. அந்த நேரத்தில் அவருக்கு அது தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவன் நினைத்தான்.

"அவ பெரிய பொம்பிளையாகி, அவவுக்கும் பிள்ளை குட்டி வந்த பிறகு. கிடந்தது கொஞ்ச நாள். ஈரமாக் கொண்டு வந்தது, மேல சாக்குப் போட்டு மூடியும் இருக்கு. அநேகமா ஒண்டும் வராது. ஆனா வரவே வராது எண்டு என்னால சொல்ல ஏலாது. பஹ்மியாவுக்கும் அப்பிடித்தான்." ஜெயரூபி குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். "நான் எல்லாரிட்டயும் வாக்குமூலம் எடுக்கவேணும். அதில உங்கட பேரும் வரும்."

"வரட்டும்," என்றான்.

எதிர் வீட்டு வாசலில் பஹ்மியா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பக்கத்தில் மாமி, கண்ணைத் துடைத்தபடி, வீதிக்குக் குறுக்கே தன் புருஷனைத்தான் ஏசிக்கொண்டிருந்தார். "காசு மிச்சம் பிடிக்கப் போய் என்னத்தையோ கொண்டுவந்து போட்டிரிக்கார் மனுஷன்! பச்சப்புள்ள படுக்கிற எடத்தில!" கதிரையிலிருந்த ஸெய்னுதீன் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. மருமகன் பக்கம் பார்க்கவும் இல்லை. அவர் வாய் திறக்கப் போவதில்லை என்பது றம்ஸானுக்கு விளங்கியது. மாப்பிள்ளையின் மரியாதையை அவர் அந்த மழையிலும் தலையில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, என்ன நடந்த? ஏன் ஒருத்தரும் ஒண்டும் சொல்றீங்கல்ல?" பஹ்மியா கூப்பிட்டாள். "எனக்குப் பயமா இரிக்கி. வாப்பா என்ன செஞ்ச?"

றம்ஸான் வீதியைக் கடந்தான். தாழ்வாரத்துக்குள் ஏறாமல், கூரைத் தண்ணீர் தோளில் விழ, படியில் நின்றான். அப்ராவின் தலை துவாய்க்கு வெளியே தெரிந்தது. தொடவில்லை.

"வாப்பாவ ஏசாதீங்க. அவருக்கு அந்தப் பஞ்சப் பத்திச் சொன்னது நான்."

"என்னத்தச் சொன்னீங்க?"

அன்றைக்கு எல்லோரும் சிரித்த பாதியை அவளும் கேட்டுச் சிரித்திருந்தாள். மற்றப் பாதியை அவன் இப்போதுதான் சொல்லத் தொடங்கினான்.